சனி ஞாயிறுகளில் அமலான சட்டம்

1948 ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு, புன்னைக்குழிவிளை கிளீட்டஸின் சுண்ணாம்புச் சூளையிலிருந்து கிளம்பிய புகை, வழக்கம்போல் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாமல், வேலியருகே திரும்பி, கிளீட்டஸின் சொந்த வீட்டுக்குள் நுழைந்தது. காற்று என்றும்போல மேற்கிலிருந்துதான் அடித்தது. புகை திங்கட்கிழமை காலைவரை அங்கேயே இருந்தது. கிளீட்டஸும் மனைவியும் இரண்டு நாளும் மாட்டுத் தொழுவத்தில் பொங்கிச் சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை திருவனந்தபுரம் போகிற முதல் பஸ் தக்கலையைத் தாண்டியதும் புகை பழையபடி பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. அடுத்த வாரமும் இப்படியே நடந்ததால் ஊரார் விசாரித்தார்கள். இஸ்ரவேலின் மகள் சத்தியபாய் அந்த ஜூன் மாதம்தான் திருவனந்தபுரத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து சத்தம் போட்டுப் பாடம் படித்தாள். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தொல்லை தருவது பற்றிய பாடம் அது. மூன்றாவது வாரம் கிளீட்டஸ் சூளையை ஊருக்கு வெளியே மாற்றினான். அவனுக்கு அவள்மேல் வருத்தம் எதுவும் இல்லை. பாடம் அப்படி இருந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்றுதான் கேட்டான்.

சத்தியபாய்க்கு அப்போது வயது இருபத்தைந்து. பி.ஏ. முடித்து, நாகர்கோவிலில் பெண்கள் பள்ளியில் நான்கு வருஷம் டீச்சராக இருந்துவிட்டு, கல்யாணத்துக்கு வந்த இரண்டு இடங்களையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சட்டத்துக்குப் போனவள். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். அதை வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் தனக்குத்தானே உரக்கச் சொன்னால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். இங்கிலீஷில் வாசித்தபோது ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. தமிழில் சொன்னபோது, அவள் ஊரில் இருக்கும்வரை அந்தப் பாடம் அமலில் இருந்தது. அம்மா இல்லாத வீடு. அப்பா இஸ்ரவேல், ஊர்ப் பண்ணையார் கணபதியப்ப பிள்ளையின் நெல் குத்தும் மில்லில் மேற்பார்வை பார்த்தார். வீடு நின்ற இடமும் பிள்ளையுடையதுதான்.

இரண்டு வருஷப் படிப்பை ஊரும் கூடவே படித்தது என்று சொல்லலாம். ஒப்பந்தச் சட்டம் நடந்த மாதத்தில், ஒருத்தியை அவள் அண்ணன்மார் மிரட்டி விற்க வைத்த ஒரு பசுமாடு, வாங்கியவன் எவ்வளவு இழுத்தும் வாசலைவிட்டு நகரவில்லை. விற்றவள் முழு மனதோடு சரி என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைத்தது. குற்றவியல் சட்டத்தில் திருட்டு பற்றிப் படித்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தவர்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் தொலைந்துபோன செம்புகளையும் மண்வெட்டிகளையும் கண்டார்கள். சில தொலைந்தன என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு மண்வெட்டி நடந்து வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு நாலுபேர் ஓர் ஏழை வீட்டு முன்னால் போய் நின்றதைப் பார்த்த சத்தியபாய், அதன்பிறகு அந்தப் புத்தகத்தை ஊருக்குக் கொண்டுவரவில்லை. மீதியை ஹாஸ்டலிலேயே படித்து முடித்தாள். ரோமானியச் சட்டம் என்றதும் கிறிஸ்தவப் பெண்கள் பைபிளின் ரோமர் நிருபம் என்று நினைத்துத் தலையில் முக்காடிட்டு அவள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்கள். அந்த மூன்று வாரமும் ஊரில் எதுவும் நடக்கவில்லை. 1950 ஜனவரியில் நாட்டுக்குப் புது அரசியல் சட்டம் வந்தது. எல்லாரும் சமம் என்கிற பிரிவை அவள் சொல்லிப் பார்த்த சனிக்கிழமை, வைகுண்டராஜனின் காப்பிக்கடையில் சிலருக்கென்று தனியே கவிழ்த்து வைத்திருந்த தகர டம்ளர்கள் வெண்கலமாக மாறிவிட்டன. எது யாருக்கு என்று தெரியாமல் அவர் எல்லாருக்கும் எல்லாவற்றிலும் ஊற்றினார். திங்கட்கிழமை அவை தகரமாகிவிடும் என்று காத்திருந்தார். ஆகவில்லை. அது ஒன்றுதான் அவள் பஸ் ஏறிய பிறகும் நிலைத்தது.

சொத்துச் சட்டத்தில் வழி உரிமை என்று ஒரு பகுதி உண்டு. பிப்ரவரி முதல் வாரம் அதை எடுத்தாள். ஊருக்கும் வயலுக்கும் நடுவே கணபதியப்ப பிள்ளையின் தென்னந்தோப்பு இருந்தது. அதன் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை போனது. 1948 ஜூனில் பிள்ளை அங்கே சுவர் எழுப்பிவிட்டார். அதற்குமுன் வில்லேஜ் ஆபீசர் வந்து, இங்கே வழியே கிடையாது என்று சாட்சிக் கையெழுத்து வாங்கி மகசர் அறிக்கை எழுதினார். சுவருக்குப் பிறகு வயலுக்குப் போக ஒன்றரை மைல் சுற்ற வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் ஊர்க்காரி தாணம்மாளின் கணவரை வயலில் பாம்பு கடித்தது. கட்டிலில் வைத்து அந்தச் சுற்றுவழியே தூக்கி வந்தார்கள். முக்கால் மைலில் அவர் உயிர் போயிற்று. இப்போது சத்தியபாய் பாடத்தைச் சொல்லச் சொல்ல, சுவரின் அடியில் காலடிகள் தெரிய ஆரம்பித்தன. முதலில் ஈரம்போல இருந்தன. பிறகு குதிகாலும் விரலும் தனித்தனியாக, பெரியவை சிறியவை, சுமை தூக்கியவர்களின் அழுந்திய பாதங்கள், இருபது முப்பது வருஷத்துக் காலடிகள் சுவரின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறின. தாணம்மாள் அவற்றில் தன் கணவரின் காலை அடையாளம் கண்டாள். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. அவள் சுவரடியில் உட்கார்ந்துகொண்டாள். திங்கட்கிழமை தடங்கள் மறைந்தன. மறைகிற தடத்தைக் கோர்ட்டில் காட்ட முடியாது என்று சத்தியபாய்க்குத் தெரியும். ஆள் வேண்டும், கண்ணால் கண்டதைச் சொல்ல ஓர் ஆள். அதிலும் சுவர் எழும்பி இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

மார்ச் மாதம் சாட்சியச் சட்டம் தொடங்கியது. தானே பார்த்ததையும் தானே கேட்டதையும் தவிர வேறு எதையும் சாட்சி சொல்லக் கூடாது என்பது அதன் முக்கியமான விதி. அந்தச் சனிக்கிழமை ஊர் பாதிக்குமேல் அமைதியாகிவிட்டது. குளத்தங்கரையில் பெண்கள் வாயைத் திறப்பார்கள், ‘அவ சொன்னாளாம்’ என்பதில் நாக்கு நின்றுவிடும். மத்தியானம் தாணம்மாள் இஸ்ரவேலின் வீட்டுக்கு வந்தாள். சத்தியபாய் புத்தகத்தோடு உள்ளே இருந்தாள்.

“அண்ணாச்சி, ஒம்மட்டத்தான் கேக்கணும். அந்த வழியில ஆளு நடக்கத நீரு பாத்திருக்கீரா?”

“மகசர்ல என்ன எழுதியிருக்குண்ணா…” என்று ஆரம்பித்த இஸ்ரவேலுக்குக் குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். “பிள்ளைவாள் சொல்லுவாரு…” என்றார். அதுவும் நின்றுவிட்டது. பிறகு, தொண்டையில் சிக்கிய முள் இறங்கியதுபோல, “பாத்திருக்கேன்” என்றார். “நானே நடந்திருக்கேன். வழி இல்லண்ணு மகசர்ல சாட்சிக் கையெழுத்து போட்டவனும் நாந்தான்.”

சத்தியபாய் வெளியே வந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் கையெழுத்துப் போட்ட தேதியை அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார். அவள் கல்லூரியில் சேர்ந்ததற்கு முந்தின நாள். போடாவிட்டால் வீட்டைக் காலி பண்ணு, மில்லுக்கும் வர வேண்டாம் என்று பிள்ளை ஆள் அனுப்பியிருந்தார்.

“அப்பம் என் படிப்பு அந்தக் கையெழுத்துலயா நிக்குது?” என்று கேட்டாள். அவள் புத்தகத்தை மூடினாள். கல்லூரிக்குத் திரும்பப் போவதில்லை, பரீட்சையும் எழுதப் போவதில்லை என்று அன்று மாலை தாணம்மாளிடம் போய்ச் சொன்னாள்.

தாணம்மாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. “எனக்கு மாப்பிளையும் போயாச்சு, வழியும் போயாச்சு” என்றாள். “இனி ஒனக்குப் படிப்பும் போனா எனக்கு என்னட்டி கிடைக்கும்? போயி முடிச்சிட்டு வா.”

திங்கட்கிழமை அவள் முதல் பஸ்ஸில் போனாள். அவள் போன பிறகு இஸ்ரவேல் தாம் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்திருக்கலாம். ஊரில் பாதிப்பேர் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை. யாரும் கேட்காததால் எதுவும் சொல்லவும் இல்லை. சத்தியபாய் பரீட்சை எழுதித் தேறினாள். இரண்டு வருஷக் கெடு முடிய முப்பத்தொன்பது நாள் இருக்கும்போது, சீனியர் வக்கீல் ரசலையன் மூலம் தாணம்மாள் பெயரில் வழக்குத் தாக்கலாயிற்று. சத்தியபாய் அவரிடமே ஜூனியராகச் சேர்ந்தாள்.

வழக்கு விசாரணைக்கு வர 1952 ஆயிற்று. சாட்சிகள் பட்டியலை எழுதியபோது அவள் அப்பாவின் பெயரைச் சேர்க்கவில்லை. ரசலையன் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். விசாரணை நாளில், எட்டு மைல் தள்ளியிருந்த முன்சீப் கோர்ட்டுக்கு இஸ்ரவேல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நடந்தே வந்து, சாட்சி சொல்ல வேண்டும் என்று ரசலையனிடம் கேட்டார். சீனியருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது என்று சொல்கிறார்கள், உண்மையோ என்னவோ. கேள்வி கேட்க எழுந்தவள் சத்தியபாய். அவள் எந்தப் பாடத்தையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் கோர்ட்டில் பொய் சொல்ல யாருக்கும் எந்தத் தடையும் இல்லை.

“இந்த மகசரில் இருப்பது உங்கள் கையெழுத்தா?”

“ஆமா.”

“அதில் எழுதியிருப்பது உண்மையா?”

“பொய். வழி உண்டு. என் சின்னப் பிராயத்துலேந்து நான் அதுல நடந்திருக்கேன்.”

நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு, பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று தாமே கேட்டார்.

“மொவ படிக்கணும், எசமானே. குடியிருந்தது அவரு பூமியில.”

“மகள் படித்தாளா?”

“இப்பம் எங்கிட்ட கேள்வி கேக்குத பிள்ளைதான்.”

சத்தியபாயின் அடுத்த கேள்வி காகிதத்தில் இருந்தது. அதைக் கேட்க அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. நீதிபதி அவசரப்படுத்தவில்லை.

சுவரை இடிக்க 1953 தையில் தீர்ப்பாயிற்று. அதற்கு வெகுமுன்பே, சாட்சி சொன்ன மறுவாரமே, இஸ்ரவேலுக்கு வேலையும் போயிற்று, வீடு நின்ற இடமும் போயிற்று. தாணம்மாள் தன் விளைத் தோட்டத்தில் ஒரு மூலையைக் கொடுத்தாள். கிளீட்டஸும் வைகுண்டராஜனும் இன்னும் இருபது பேரும் வந்து ஓலையை இறக்கி, உத்திரத்தையும் கதவையும் தோளில் தூக்கி, ஒரே நாளில் வீட்டை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அப்பாவும் மகளும் அன்று சாயங்காலம் அங்கேயே கஞ்சி குடித்தார்கள். “எம்மேல கோவமாட்டு இருக்கியா?” என்று அவர் கேட்டார். “இருந்துச்சு” என்றாள் அவள்.

1956 நவம்பரில் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, சத்தியபாய் தனி வக்கீலாகியிருந்தாள். பெண் வக்கீலிடம் வழக்கைக் கொடுப்பதா என்று யோசித்தவர்கள்கூட அவள் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். பத்திரம் எழுதுகிறவர்கள் சாட்சிக் கையெழுத்துக்கு இஸ்ரவேலைத் தேடி வந்தார்கள். வீடு போகும் என்று தெரிந்தும் தனக்கு எதிராகச் சொன்ன மனுஷன் அவர் ஒருவர்தான் என்பது அவர்கள் கணக்கு. பத்திரத்தில் பொய் இருந்தால் அவர் கையெழுத்தின் மை காய்வதில்லை. அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை. வெற்றிலை போட்டபடி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பார்கள். அப்போதும் காயாவிட்டால், தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சரியாக எழுதி, மறுநாள் காலையில் திரும்பி வருவார்கள்.