பெயர் கேட்ட விதம்

லட்சுமணனுக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அவர் மனைவி செல்லம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் இரும்பு அடிக்கும் சத்தத்துக்கு நடுவில் நின்றவர். ரிட்டையரான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருமே மெதுவாகப் பேசத் தொடங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. "என்ன?" என்று இரண்டாம் தடவை கேட்கக் கூச்சம். அதனால் யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே "ஹவ்" என்பார். ஆமாம் என்று அர்த்தம். செகந்திராபாத்தில் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பாதி நாளை ஓட்டிவிடலாம். பால்காரர், பேங்க் குமாஸ்தா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம் அவருக்கு இடது கால் முழங்கால்வரை வீங்கிச் சிவந்துவிட்டது. காய்ச்சலும் வந்தது. மல்காஜ்கிரி வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து, திருமுல்கேரியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோலுக்கு அடியில் கிருமி பரவியிருக்கிறது, ஒரு வாரம் தங்கி நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஆண்கள் வார்டில் ஒன்பதாம் படுக்கை கொடுத்தார்கள். அறுபத்தெட்டு வயதிலும் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

மூன்றாம் நாள் காலை, ஒன்பதாம் படுக்கைக்கு மேலே இருந்த ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஊழியர்கள் அவரைப் பதினொன்றாம் படுக்கைக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த லக்ஷ்மண் ராவ் என்ற சர்க்கரை நோயாளி அப்போது ஸ்கேனுக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அவரைக் கதவோரம் நாலாம் படுக்கையில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் மேஜைக்கு எதிரே மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் மட்டும் பெயர்கள் பழைய எண்களிலேயே நின்றன.

ஷோபா இரண்டு நாள் லீவ் முடிந்து அன்றுதான் டியூட்டிக்கு வந்திருந்தாள். பதினோரு வருஷ அனுபவம் உள்ள நர்ஸ். கூட வரவேண்டியவள் வராததால் இருபத்திரண்டு நோயாளிகளுக்கும் அவள் ஒருத்திதான். பகல் பன்னிரண்டரை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டிய இன்சுலினை எடுத்துக்கொண்டு, பலகையைப் பார்த்துவிட்டு, பதினொன்றாம் படுக்கைக்குப் போனாள்.

"லக்ஷ்மண் ராவ்காரூ?" என்று தெலுங்கு மரியாதையோடு கேட்டாள்.

"ஹவ்," என்று சிரித்தார் லட்சுமணன். பெயரில் பாதி அவர் காதில் விழுந்தது. மீதியை அவரே நிரப்பிக்கொண்டார்.

இன்சுலின் போடுகிறேன், போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும் என்று தெலுங்கில் சொன்னாள்.

"ஹவ், ஹவ்."

மணிக்கட்டில் பெயர் எழுதிய பட்டி இருந்தது. மருந்துக் குழாயைப் பிடித்துவைத்த பிளாஸ்திரிக்கு அடியில் அது பாதி மறைந்திருந்தது. பிளாஸ்திரியை விலக்கிப் பார்க்கப் பத்து விநாடி ஆகியிருக்கும். ஷோபா பார்க்கவில்லை. வயிற்றில் பதினான்கு யூனிட் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தாள்.

கேன்டீனிலிருந்து வந்த சாப்பாட்டை லட்சுமணன் தொடவில்லை. செல்லம்மா வீட்டிலிருந்து ரசஞ்சாதம் கொண்டுவருவாள் என்று காத்திருந்தார். அன்றைக்கு மழை. ஆட்டோ கிடைத்து செல்லம்மா வந்து சேர மணி ஒன்றரை ஆகிவிட்டது.

வந்தவள் டிபன் கேரியரைக் கீழே வைப்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"என்னங்க?"

"சைரன் அடிச்சாச்சு," என்றார் அவர். "கேட்டைத் திற."

வார்டில் ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்த டாக்டர் தேஜஸ்வினியிடம் ஓடினாள். தேஜஸ்வினி இளம் டாக்டர். தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்து, காய்ச்சல் இறங்குகிறது, அதனால்தான் வேர்க்கிறது, தூங்கட்டும் என்றாள். செல்லம்மா ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்து அவர் நெற்றியைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. அந்தப் பக்கமாக வந்த ஷோபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தெலுங்கும் ஹிந்தியும் மறந்துபோய்த் தமிழ்தான் வாயில் வந்தது.

"சிஸ்டர், இது காய்ச்சல் வேர்வை இல்ல. நாப்பத்துமூணு வருஷமா இந்த மனுஷனைப் பாத்துட்டிருக்கேன். ஏதோ ஆயிடுச்சு. வந்து பாருங்க."

"நீங்க தமிழா?" என்றாள் ஷோபா ஆச்சரியத்துடன். அவளும் தமிழ்தான். தாத்தா காலத்தில் வேலூர் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். "இருங்க ஆன்ட்டி, பாக்கறேன்."

விரலில் குத்தி சர்க்கரை பார்த்தாள். முப்பத்தாறு.

எழுபதுக்குக் கீழே போகக் கூடாத எண். ஓடிப்போய் குளுக்கோஸ் கொண்டுவந்து குழாயில் ஏற்றினாள். தேஜஸ்வினி ஓடி வந்தாள். ஐந்து நிமிஷத்தில் லட்சுமணனின் பார்வை நிலைக்கு வந்தது. "எப்ப வந்தே?" என்று செல்லம்மாவைக் கேட்டார்.

ஷோபா மணிக்கட்டுப் பிளாஸ்திரியை விலக்கினாள். மை கொஞ்சம் கலைந்திருந்தாலும் படிக்க முடிந்தது. லட்சுமணன். ராவ் இல்லை.

சர்க்கரை இல்லாத ஆளுக்கு ஏன் இப்படி ஆனது என்று தேஜஸ்வினி யோசித்துக்கொண்டிருந்தாள். காரணம் இந்த வார்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே போன இன்சுலின் இன்னும் சில மணி நேரம் வேலை செய்யும். இப்போது தெளிந்திருப்பவர் மறுபடி மயங்கலாம். டாக்டருக்குத் தெரிந்தால்தான் கவனித்துக்கொண்டிருக்க முடியும். தன் வேலை போய்விடுமோ என்று ஷோபாவுக்குப் பயமாகவும் இருந்தது. மகள் ஸ்ரேயா ஆறாம் வகுப்பு. எல்லாம் நினைவுக்கு வந்து போனது.

"டாக்டர், நான் போட்டுட்டேன். பன்னிரண்டரைக்கு. பதினாலு யூனிட். ஆள் மாறிப்போச்சு."

தேஜஸ்வினி அவளையே பார்த்தாள். பிறகு, "நல்லவேளை சொன்னீங்க," என்று சொல்லிவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பார்க்கச் சீட்டு எழுதினாள். லட்சுமணனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அதற்கப்புறம் ஷோபா நாலாம் படுக்கைக்குப் போனாள். லக்ஷ்மண் ராவ் சாப்பிட்டு முடித்திருந்தார். அவருக்கு ஊசி வந்து சேரவில்லை என்பதையும், ஏன் என்பதையும் சொன்னாள். அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு, "அதான் இன்னிக்கு யாருமே குத்தலையேன்னு பாத்தேன்," என்றார். இந்தத் தடவை பட்டியைப் படித்துவிட்டு, சர்க்கரை பார்த்து, டாக்டரைக் கேட்டு, அவருக்கு உரிய ஊசியைப் போட்டாள்.

நர்ஸுகளின் தலைவி சுப்ரியா மேடம் அவளைத் தனியே கூப்பிட்டாள். "வீட்டுக்காரங்ககிட்ட நீ எதுவும் பேசாத. நிர்வாகம் பாத்துக்கும். திடீர்னு சர்க்கரை இறங்கிருச்சுன்னு சொன்னா போதும்."

"அந்த அம்மா பிடிச்சு இழுக்கலைன்னா அவர் போயிருப்பார் மேடம். அவங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வராது."

"வாங்க, நானும் வர்றேன்," என்றாள் பின்னால் நின்ற தேஜஸ்வினி. "முதல்ல அவங்க சொன்னப்ப கேக்காதவ நான்தான்."

வராந்தா பெஞ்சில் செல்லம்மா டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷோபா எதிரே தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் தமிழில் சொன்னாள். தன் தப்பு என்றாள். மன்னிப்பு கேட்டாள். தேஜஸ்வினி தெரிந்த அரைகுறைத் தமிழில் தன் பங்கைச் சொன்னாள்.

செல்லம்மா டிபன் கேரியரைப் பெஞ்சில் வைத்தாள். பிறகு எழுந்து, "இனிமே வேற யாராவது வந்து அவருக்கு ஊசி போடட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாளில் லட்சுமணன் வார்டுக்குத் திரும்பினார். சர்க்கரை மறுபடி இறங்கவில்லை. கால் வீக்கமும் வடிந்துவந்தது. புனேயில் இருந்த மகன் கிரி போனில் கத்தினான். கேஸ் போடுவேன் என்றான். செல்லம்மா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஷோபா அவர்கள் படுக்கைப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். லட்சுமணன்தான் கையை அசைத்துக் கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு நீ என்ன கேட்டேன்னு எனக்குக் கேக்கவே இல்ல. சும்மா ஹவ்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றேன். பத்து வருஷமாச்சு. தப்பு என்னுது."

"இல்ல அங்கிள். நீங்க லக்ஷ்மண் ராவான்னு நான் கேட்டிருக்கவே கூடாது. உங்க பேர் என்னன்னு கேட்டிருக்கணும். நீங்க வாயால சொல்ற பேரைப் பட்டியோட ஒத்துப் பாத்திருக்கணும். பாத்திருந்தா உங்க காது எப்படி இருந்தாலும் இது நடந்திருக்காது."

"நான் கேக்கலைன்னு சொல்லியிருந்தா..."

"காய்ச்சலோட படுத்திருக்கறவங்க சொல்வாங்கன்னு நாங்க நம்பிட்டு இருக்கக் கூடாது."

"ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா?" என்றாள் செல்லம்மா. குரல் கண்டிப்பாக வந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது. "பழியை ஏதோ பலகாரம் மாதிரி எனக்கு எனக்குன்னு..." சொல்லி முடிக்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஷோபாவிடம், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

மறுநாள் சுப்ரியா மேடம் ஒரு வெள்ளைத் தாளுடன் வந்தாள். என்ன நடந்தது என்று விசாரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு குழு கூடுகிறது, குடும்பத்தின் தரப்பை எழுதித் தரவேண்டும் என்றாள். தமிழில் எழுதினால் குழுவில் யாருக்கும் படிக்கத் தெரியாது.

அவள் போனதும் செல்லம்மா ஷோபாவைக் கூப்பிட்டாள். "நான் தமிழ்ல சொல்றேன், நீ இங்கிலீஷ்ல எழுது."

ஷோபா பதறினாள். "என் மேல புகாரை நானே எழுதறதா? வேண்டாம் ஆன்ட்டி. உங்க பையனை எழுதச் சொல்லுங்க."

"அவன் எழுதினா கோபம் மட்டும்தான் இருக்கும். என்ன நடந்துச்சுன்னு இருக்காது. உக்காரு."

ஷோபா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செல்லம்மா கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"என் வீட்டுக்காரருக்கு வேற ஆளோட இன்சுலினைப் போட்டுட்டாங்க. எழுதிட்டியா? படுக்கையை மாத்தினவங்க பலகையில மாத்தல. சிஸ்டர் கைப்பட்டியைப் பாக்கல."

பேனா அங்கே நின்றது. பிறகு எழுதியது.

"இருபத்திரண்டு பேருக்கு அன்னிக்கு ஒரே சிஸ்டர். அதையும் எழுது. நான் டாக்டர்கிட்ட சொன்னேன், அவங்க வந்து தொட்டுப் பாக்கல. ரெண்டாவது தடவை சிஸ்டர்கிட்ட சொன்னேன், அவ வந்து பாத்தா. அப்புறம் மறைக்காம என்கிட்ட வந்து சொன்னா. கூட உக்காந்திருக்கற வீட்டுக்காரங்க ஏதோ சரியில்லன்னு சொன்னா, உடனே வந்து பாக்கணும்னு ஒரு சட்டம் போடுங்க. எங்களுக்கு மருந்து தெரியாது. ஆளைத் தெரியும்."

ஷோபா எழுதி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப அதைத் தமிழ்ல படிச்சுக் காட்டு."

படித்தாள். நடுவில் செல்லம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "கவனக்குறைவான சிஸ்டர்னு நான் சொல்லலியே?"

"நானாத்தான் போட்டேன்."

"அதை அடி. நான் பாத்ததை மட்டும் எழுது."

ஷோபா அந்த வார்த்தையை அடித்தாள். கடைசியில், அம்மா சொல்லச்சொல்ல மொழிபெயர்த்து எழுதியது நர்ஸ் ஷோபா என்று தன் பெயரையும் சேர்த்தாள். செல்லம்மா கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக் கிரிக்கு அனுப்பும்படி ஷோபாவிடம் சொன்னாள். அரை மணி கழித்து அவன் கூப்பிட்டான். இந்தத் தடவை கத்தவில்லை. "இதை எழுதின ஷோபா, ஊசி போட்ட அதே சிஸ்டராம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள் செல்லம்மா. "அப்பாவைக் குடு," என்றான்.

குழுவில் ஷோபாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. இன்சுலின் போடுமுன் இரண்டாவது நர்ஸ் ஒருத்தி சரிபார்க்க வேண்டும், படுக்கை மாற்றுபவர்களே பலகையையும் மாற்ற வேண்டும், நோயாளி தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும் என்று மூன்று முடிவுகள் எடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் டாக்டர் ஐந்து நிமிஷத்தில் வரவேண்டும் என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். தேஜஸ்வினி அதைப் பிடித்துக்கொண்டு நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அக்டோபரில்தான் அதற்கென்று ஒரு போன் நம்பரை ஒவ்வொரு படுக்கைக்கு மேலேயும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒட்டினார்கள். ஆட்கள் பற்றாக்குறை மட்டும் அப்படியே இருந்தது.

லட்சுமணன் வீட்டுக்குப் போகும் நாள் காலையில் மருந்துக் குழாய் போட்டிருந்த இடம் வீங்கிக்கொண்டது. கடைசி டோஸுக்குப் புதிதாக ஊசி குத்த வேண்டியிருந்தது. வேறொரு நர்ஸ் தட்டோடு வந்தாள். செல்லம்மா வார்டு முழுக்கப் பார்வையை ஓட்டி, "ஷோபா இல்லையா?" என்று கேட்டாள்.

ஷோபா வந்தாள். பெயர் கேட்டாள். லட்சுமணன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப் பெயரையும், அப்பா பெயரையும், கேட்காமலே பிறந்த தேதியையும் சத்தமாகச் சொன்னார். அவள் பட்டியை இரண்டு தடவை படித்தாள். நரம்பைத் தேடி அவள் விரல்கள் அவர் கையில் நடுங்கிக்கொண்டிருந்தன. செல்லம்மா அவள் தோளில் கையை வைத்தாள். நடுக்கம் நிற்கும்வரை மூன்று பேரும் அப்படியே காத்திருந்தார்கள்.