பதினான்கு நிறுத்தம்

ரங்கூனின் தின்கன்ஜூனிலிருந்து டைச்சிக்கு நாற்பத்து மூன்று மைல் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஆல்பினைக் கேட்டால் பதினான்கு நிறுத்தம் என்பார். மூன்று மைலுக்கு ஒருமுறை வண்டியை ஓரம் கட்டுவார். சீட்டுக்கு அடியில் கிடக்கும் தேக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, பின்னால் இழுத்து வருகிற கேரவனின் நான்கு டயர்களையும் தட்டிப் பார்ப்பார். காற்றுள்ள டயர் 'டங்' என்று கட்டையைத் திருப்பி உதைக்கும். காற்றிறங்கிய டயர் 'பொத்' என்று வாங்கிக்கொள்ளும். எட்டு மாதமாக எல்லா டயர்களும் ஒழுங்காக 'டங்' என்றுதான் சொல்லி வந்தன. அவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

எல்லாம் மார்ச் மாதத்தோடு வந்த வினை. அந்தக் கேரவன், புயல் அடித்த வருஷம் நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. சபைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய கண் சங்கம் அதைக் கேட்டு வாங்கி, உள்ளே இருந்த கட்டிலையும் அடுப்பையும் கழற்றிப் போட்டு, கண் பரிசோதனை அறையாக மாற்றியது. மாதத்துக்கு ஒரு முகாம். ஆல்பின் சங்கத்தின் பழைய ஜப்பான் பிக்கப்பில் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார். மார்ச் முகாமுக்குப் போகும்போது மோபி தாண்டி இடப்பக்கப் பின் டயர் காற்றுப் போய்விட்டது. ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம் என்பதால் பக்கத்துச் சக்கரம் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. கேரவன் சாயவுமில்லை, ஆடவுமில்லை. இரண்டு மைல் அப்படியே ஓடி, டயர் கிழிந்து, அதன் ஒரு துண்டு பறந்துபோய்ச் சைக்கிளில் கீரை கொண்டு வந்த ஒரு பெண்ணின் மேல் விழுந்தது. அவள் பள்ளத்தில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று ஆல்பின் நினைத்து நினைத்து, மீதியைத் தானே நடத்திப் பார்த்துக்கொண்டார்.

இடப்பக்கத்தை அவரால் பார்க்கவும் முடியாது. ஜப்பான் வண்டிக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். ஊரோ சாலையின் வலப்பக்கமாகவே ஓடுகிற ஊர். அதனால் ரங்கூனில் பாதி டிரைவர்கள் நடுச்சாலையைப் பார்க்காமல் ஓரத்துச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டுகிறார்கள். ஆல்பினும் முப்பது வருஷம் அப்படித்தான் ஓட்டினார், கவலைப்படாமல்.

பதினான்கு நிறுத்தத்தால் நவம்பர் முகாமுக்கு மூன்று மணி நேரம் தாமதமாகிவிட்டது. விடியற்காலையிலிருந்து காத்திருந்தவர்களில் முப்பது பேர் பொறுத்துப் பார்த்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்கள். சங்கத்தின் செயலாளர் ஆபிரகாமைப் பர்மிய வழக்கில் எல்லோரும் சயா, அதாவது ஐயா, என்பார்கள்; ஓய்வு பெற்ற கணக்கர், கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஜெபம்கூடச் செய்யாதவர். அவர் ஆல்பினைக் கூப்பிட்டுக் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஆல்பின், உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா கண்ணு தெரியாதவங்கள வெயில்ல உக்கார வைக்கக் கூடாது. அடுத்த முகாமுக்கு நான் உங்க பக்கத்துல உக்காந்து வர்றேன். ஒரே ஒரு நிறுத்தம், தௌச்சான்ல டீ குடிக்க. அதுக்கு மேல நிறுத்தினா வேற டிரைவர்தான் பாக்கணும்."

ஆல்பினுக்கு ஐம்பத்து மூன்று வயது. டாக்சி முதலாளிகள் இந்த வயதுக்காரனிடம் சாவியைக் கொடுப்பதில்லை. ஆல்பினின் மனைவி மக்தலேனா யோசித்தாள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிற அவள் தம்பி கிறிஸ்டோபர், ஓடும்போதே டயரின் காற்றைப் பார்த்துச் சொல்கிற கருவி ஒன்று அங்கே விற்கிறது என்று முன்பே சொல்லியிருந்தான். அவன் வியாழக்கிழமை ஊருக்கு வருகிறான்.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு நூருன்னிசாவின் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. கிறிஸ்டோபர் கடையிலிருந்தே பேசினான்.

"அத்தான், ரெண்டு தினுசு இருக்கு. ஒன்னு, வால்வு மூடி மாதிரி வெளிய திருகிடலாம். இன்னொன்னு டயருக்குள்ள, ரிம்மைச் சுத்திப் பட்டை போட்டுக் கட்டறது. ரெண்டுக்கும் டிரைவர் முன்னாடி வைக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. எந்தச் சக்கரம் இறங்குதோ அத அதுல காட்டிக் கூவும். எது வேணும்?"

"எது நல்லது?"

"கடைக்காரன் உள்ள கட்டறதுதான் நல்லதுங்கறான். வெளிய இருந்தா நம்ம ஊர்ல ராவோட ராவா கழட்டிட்டுப் போயிருவான். ஒரு மணி நேரத்துல மறுபடி கூப்பிடறேன், யோசிச்சு வைங்க."

அந்த ஒரு மணி நேரமும் ஆல்பின் உட்காரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். உள்ளே கட்டினால் திருடு போகாது. ஆனால் உள்ளே இருப்பது இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? டயரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். கழற்றிப் பார்க்காமல் தன்னால் இருக்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது. தெருக்கோடியில் பஞ்சர் கடை வைத்திருந்த ஜாபரிடம் போய்க் கேட்டார். ஜாபர் தன் கடப்பாரைத் துண்டையும் சம்மட்டியையும் எடுத்துக் காட்டினார்.

"ரோட்டோரத்துல எல்லாக் கடையிலயும் இதுதான் மெஷினு. உள்ள என்ன கட்டியிருக்குன்னு பாத்தா நெம்புவான்? முதல் பஞ்சரோட நொறுங்கிரும், அண்ணே."

அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. மறுபடி அழைப்பு வந்ததும் ஆல்பின் சொன்னார்: "வெளிய மாட்டறதே வாங்கிட்டு வா. திருட்ட நான் பாத்துக்கறேன்."

"சரி. ஆனா ஒன்னு, அத்தான். மூடியில ஒன்னு, ரெண்டு, மூணு, நாலுன்னு நம்பர் இருக்கும். அந்தந்த மூடி அந்தந்தச் சக்கரத்துல இருக்கணும். நம்பர வச்சுத்தான் பெட்டிக்கு இடம் தெரியும்."

வியாழக்கிழமை கிறிஸ்டோபர் வந்து, தன் கையாலேயே நான்கு மூடிகளையும் மாட்டிக் கொடுத்தான். ஒவ்வொரு டயரிலும் ஐம்பது பவுண்டு காற்று. பிக்கப்பின் முகப்பில் வைத்த பெட்டியில் கேரவனின் படமும் நான்கு சக்கரங்களும் பச்சையாக ஒளிர்ந்தன. ஆல்பினுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. வேண்டுமென்றே ஒரு டயரில் காற்றை இறக்கி, அது கூவுகிறதா என்று மூன்று தடவை சோதித்தார்.

திருட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் அதையும் செய்தார். இந்த ஊரில் வண்டியை நிறுத்துகிறவன் வைப்பரைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போவான், முடிந்தால் பக்கக் கண்ணாடியையும். ஆல்பின் அந்த வழக்கத்தில் நான்கு மூடிகளையும் சேர்த்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் திருகிக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவைக் கட்டிலுக்கடியில் வைப்பார். காலையில் எடுத்து மாட்டிப் பெட்டியைப் போட்டுப் பார்ப்பார். நான்கும் பச்சையாக எரியும். திருப்தியாக இருக்கும்.

டிசம்பர் முகாமுக்கு அதிகாலையில் கிளம்பினார்கள். இடப்பக்கம் ஆபிரகாம் சயா, பின் சீட்டில் கண் பரிசோதிக்கிற பெண் ஜாஸ்லின். டாக்டர் வேறு காரில் முன்னாலேயே போய்விட்டார். மிங்கலாடோன் விமான நிலையத்தைத் தாண்டும் வரை ஆல்பின் பெட்டியைப் பார்த்த நேரம் சாலையைப் பார்த்த நேரத்தைவிட அதிகம். மூன்றாவது மைலில் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. ஆறாவது மைலிலும் போனது. பச்சையைப் பார்த்துப் பார்த்துக் காலை எடுத்துக்கொண்டார். தௌச்சானில் டீ குடித்தபோது சயா மணி பார்த்து, "பிரமாதம்" என்றார். ஆல்பின் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மோபிக்கு முன்னால் பெட்டி கூவியது. மூன்றாவது சக்கரம் சிவப்பில் துடித்தது. மூன்று என்றால் இடப்பக்கப் பின் சக்கரம், மார்ச்சில் கிழிந்த அதே இடம். நாற்பத்து மூன்று பவுண்டு.

"சயா, நிறுத்தணும்."

"அதுக்குத்தான இத வாங்கினது. பாருங்க. அந்த ஒன்ன மட்டும் பாருங்க."

ஆல்பின் கட்டையோடு இறங்கி, வண்டியின் முகப்பைச் சுற்றி இடப்பக்கம் ஓடினார். தட்டினார். 'டங்.' மறுபடி தட்டினார். கல் மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தார், சூடுகூட இல்லை. சயா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குல்ல? ஏறுங்க. உங்க மெஷினும் உங்கள மாதிரியே பயந்தாங்கொள்ளி."

ஏறினார். இரண்டு மைல் கழித்துப் பெட்டி மறுபடி கூவியது. முப்பத்தாறு. சயா கையை நீட்டிப் பொத்தானைத் தேடி அமுக்கினார். பெட்டி இருண்டது. "இனிமே நிம்மதியா ஓட்டுங்க" என்றார்.

நிம்மதி எங்கே வந்தது? கூவுகிற வரைக்கும் ஒரு பயம்தான் இருந்தது. அணைத்த பிறகு நூறு பயம். கட்டை டங் என்கிறது, பெட்டி இல்லை என்கிறது, இரண்டில் ஒன்று பொய். இன்னொரு தடவை நிறுத்தினால் வேலை போகும். நிறுத்தாவிட்டால்? எதிரே ஒரு பள்ளிக்கூடம் விட்டோ தொடங்கியோ, பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாகப் பிள்ளைகள் சாலையோரம் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வலப்பக்க ஓரம். அவர் கண்ணெதிரே, சக்கரத்துக்கு இரண்டு முழத்தில். ஆல்பின் வண்டியை ஓரம் கட்டினார்.

"ஆல்பின்" என்றார் சயா.

"வேற ஆள் பாத்துக்கங்க, சயா. என்னால முடியாது."

சொல்லிவிட்டதும் உடம்பு லேசாகிவிட்டது. இனி அவசரமில்லை என்பதால் தன் பக்கமாகவே இறங்கி நடந்தார். கேரவனின் வலப்பக்க முன் சக்கரத்தைப் போகிற போக்கில் தட்டினார். 'பொத்.' கட்டை உள்ளே அமுங்கியது. கையை வைத்தார், தோல் பொசுங்கியது. ஓரச்சுவர் வெடித்துக் கோடு கோடாக இருந்தது, நடுவில் ஒரு ஆணியின் தலை பளபளத்தது. பக்கத்துச் சக்கரம் பாரத்தைத் தாங்கிக்கொண்டு எதுவும் தெரியாதது போல நின்றது. பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்தபடி கடந்து போனார்கள். ஆல்பின் அவர்களைக் கடைசிப் பிள்ளை வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

சயா இறங்கி வந்து பார்த்தார். பிறகு, "அந்த மெஷின் உதவாது, திருப்பிக் குடுத்துரலாம். உங்க கட்டையே போதும்" என்றார். வேறு டிரைவர் என்ற பேச்சு அவர் வாயில் வரவில்லை.

அப்படியே விட்டிருந்தால் ஆல்பினுக்கு வேலையும் மிஞ்சியிருக்கும், பெயரும் மிஞ்சியிருக்கும். ஆனால் ஆணியைப் பார்த்த நிமிஷமே அவருக்குப் பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்துவிட்டது.

"மெஷின் பொய் சொல்லல, சயா. மூணாம் நம்பர் மூடி இறங்குதுன்னுச்சு. அது இந்தச் சக்கரத்துல இருக்கு. நான்தான் தினமும் கழட்டிக் கழட்டி மாத்தி மாட்டிட்டேன்."

"நம்பர் போட்டிருக்குமே?"

"போட்டிருக்கு." ஆல்பின் கட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கடுகு சைசுல. ரெண்டு வருஷமா எனக்குக் கிட்டத்துல எழுத்துத் தெரியல. தூரம் நல்லாத் தெரியும். சொன்னா வண்டிய வாங்கிருவீங்கன்னு சொல்லல."

ஜாஸ்லின் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அங்கிள், ரெண்டு வருஷமா கண் ஆஸ்பத்திரியவே இழுத்துட்டுத் திரியறீங்க" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் பயமாகவும் இருந்தது. சயா சிரிக்கவில்லை. இருண்ட பெட்டியைத் தன் கைதான் அணைத்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

உபரிச் சக்கரத்தை மாட்டி டைச்சிக்குப் போனபோது ஒன்றேகால் மணி நேரம் தாமதம். காத்திருந்தவர்கள் அத்தனை பேரையும் பார்த்து முடித்த பிறகு, கடைசி ஆளாக ஆல்பின் கேரவனுக்குள் ஏறினார். ஜாஸ்லின் தூரத்துப் பலகையைக் காட்டினாள், கடைசி வரி வரைக்கும் வாசித்தார். கிட்டத்து அட்டையைக் கொடுத்தாள், முதல் வரியிலேயே நின்றார். டாக்டர் ஒரு வாசிப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, ஓட்டும்போது இது வேண்டாம், படிக்கும்போது மட்டும் என்றார். ஆல்பின் அதை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, நான்கு சக்கரங்களின் அருகிலும் குந்தி உட்கார்ந்து மூடிகளை வாசித்தார். ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. சரியான இடத்தில் மாட்டி, ஜாஸ்லினிடம் நகப்பூச்சு கடன் வாங்கி, ஒவ்வொரு ரிம்மிலும் உள்ளங்கை அளவுக்கு நம்பர் எழுதினார்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. சயா தாமே பெட்டியைப் போட்டார். நான்கு பச்சை.

"ஆல்பின், நிறுத்தத்துக்குக் கணக்கில்ல. உங்களுக்குத் தோணுற இடத்துல நிறுத்துங்க."

"ஆகட்டும், சயா."

மூன்று மைல் போனது. ஆறு மைல் போனது. கால் பிரேக்குக்குப் போகவில்லை. காலையில் பிள்ளைகள் நடந்த இடமும் கடந்து போனது. ஆல்பின் சாக்கடையோரத்தைப் பார்த்து நிதானமாக ஓட்டினார். மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாக அவருக்குப் பசித்தது. சயாதான் சீட்டில் சரியாக உட்காரவில்லை. பெட்டியைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார், கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. மோபி தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"ஆல்பின், சும்மா ஓரமா ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன். அந்தக் கட்டைய இப்படிக் குடுங்க."