பால் பொங்குது பாரு

"மேடம், நீங்க சொல்றது உடைஞ்சி உடைஞ்சி வருது" என்றது காதுக்குள் ஓர் ஆண் குரல். மனைவியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, காப்பீடு கிடைக்குமா என்று கேட்பதற்காகச் சேலத்திலிருந்து அழைத்தவர். கலைமதி மைக்கை உதட்டருகே இழுத்துக்கொண்டு மறுபடியும் சொல்லத் தொடங்கினாள். பாதி வாக்கியத்தில் கணினித் திரையில் அந்தச் சாம்பல் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அது நின்றபோது அவர் இல்லை.

இப்படி எத்தனை பேரைப் பாதியில் விட்டிருப்பாள். நேற்றுத்தான் காப்பீட்டு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் காயத்ரி கூப்பிட்டிருந்தாள். "இன்னொரு தடவ கால் கட்டாச்சுன்னா ஆபீசுக்கே வந்து உக்காரச் சொல்லிடுவாங்க கலை. என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். சென்னைக்குப் போவதென்றால் வேலையை விடுவதென்றுதான் அர்த்தம். திண்டிவனத்தில் இருக்கும் இந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டேரிப்பட்டில் டயர் கடை வைத்திருக்கும் அவள் கணவன் மணிமாறன், "வூட்ல இருந்துகினே பண்றதுன்னா பண்ணு" என்றுதான் சம்மதித்திருந்தான். கல்யாணமானதிலிருந்து தெருவில் அவள் டயர் கடைக்காரர் வீட்டம்மா. இந்த ஹாலின் மூலையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் "வணக்கம், கலைமதி பேசறேன்" என்று சொல்ல முடிந்தது. தன் பெயரைத் தன் வாயால் சொல்வதில் அவ்வளவு ருசி இருக்கும் என்று முன்பு அவளுக்குத் தெரியாது.

நெட்காரன் பூவரசன் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தான், வயரைப் பிடுங்கி மாட்டினான், பிறகு தன் போனில் எதையோ திறந்து வைத்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, பைப்புல தண்ணி நல்லாத்தான் வருது. யாரோ மோட்டார் போட்டு உறிஞ்சறாங்க."

"யாரு?"

"தோ பாருங்க. இது உங்க கம்ப்யூட்டரு. இது உங்க போனு. இது இன்னா புதுசா? காலையிலேர்ந்து ஓடிக்கினே இருக்குது. வீடியோ மாதிரி இருக்கு. இந்த லைனுல ரெண்டும் சேந்து ஓடாதுக்கா. பெரிய பிளானு இந்தத் தெருவுக்கு இன்னும் வரல."

மணிமாறன் காலையிலேயே கடைக்குப் போய்விட்டான். அவனுடைய அம்மா கிளியம்மாள் அத்தையிடம் இருப்பது பட்டன் போன். மிச்சம் ஒருத்திதான். பக்கத்து வீட்டு அம்சவள்ளி. ஆடிக்கு ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு போனவள். பிள்ளைகள் போய்விட்டார்கள், சீரியல் நிற்கவில்லை போல. நேற்றுகூட வாசலில் நின்று, "வூட்லயே ஆபீசு, கொடுத்து வெச்சவ நீ" என்று சிரித்தாளே. இவள் பொழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு வந்து நின்று சிரித்திருக்கிறாள். கலைமதிக்குக் காது சூடாகியது. கூடவே, யாரென்று தெரிந்துவிட்டதில் ஒரு நிம்மதியும் வந்தது.

"பாஸ்வேர்ட மாத்திடு பூவரசா. இப்பவே."

"சொல்லாம கொள்ளாம மாத்துனா சண்டைக்கு வரப் போறாங்கக்கா."

"வரட்டும்."

அவன் மாற்றினான். புதிய பாஸ்வேர்டை அவளே தட்டினாள். திரையில் அந்தப் புதுப் பெயர் மங்கி மறைந்தது. பூவரசன் வண்டியை எடுத்துக்கொண்டு போன சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கலைமதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நெட் சுத்தமாக இருந்தது. இத்தனை எளிதான காரியமா இது என்று தோன்றியது.

பின்னறையில் முறம் விழுந்தது. உரித்த மல்லாட்டைக் கடலை தரையெங்கும் சிதறி ஓடும் சத்தம். அத்தை ஹாலுக்கு வந்து நின்றாள். மடியில் ஒட்டியிருந்த தோல்களைக்கூடத் தட்டிவிடவில்லை. கையில் ஒரு டச் போன். ஓரத்தில் விரிசல் விட்டது. பொங்கலுக்கு முன்னால் வந்து தங்கியபோது அருணா வைத்திருந்து, விட்டுப்போன பழைய போன்.

"நெட்டு பூட்ச்சி கலை. இன்னாடி ஆச்சு? ஜல்தி பாரு. அவ மொகம் அப்பிடியே நின்னு பூட்ச்சி."

கலைமதிக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. அருணா, மணிமாறனின் தங்கை, விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று மணிமாறன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தெனமும் அருணாகூடப் பேசிக்கினு இருந்தீங்களா அத்த?"

"பேசறது எங்க? சும்மா ஓடிக்கினு இருக்கும். மாப்பிள்ளைக்கு ராத்திரி டூட்டி. பகலெல்லாம் வூட்லதான. இது ஓடிக்கினு இருந்தா கை ஓங்க மாட்டாராம். நான் பாக்கறேன்னு அவருக்குத் தெரியும்."

அத்தை இதை மெதுவாக, அரிசி ஊறப் போட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். போன வாரம் பின்னறையிலிருந்து, "பால் பொங்குது பாரு, பால் பொங்குது" என்று அத்தையின் குரல் கேட்டது கலைமதிக்கு நினைவு வந்தது. எழுந்து போய் அடுப்படியைப் பார்த்தாள். அடுப்பில் பாலே இல்லை. வயதாகிறது, தனக்குத் தானே பேசிக்கொள்கிறாள் என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பால் விழுப்புரத்தில் பொங்கியிருக்கிறது.

"அவருகிட்ட சொல்லலியா?"

"மணிகிட்டயா? அவன்தான இட்டுகினு போயி வுட்டுட்டு வந்தான். ரெண்டு பக்கமும் பேசி முடிச்சாச்சின்னு. மறுபடி சொன்னா போயி சத்தம் போடுவான். போட்டுட்டு வந்துடுவான். அப்பறம் வாங்கறது யாரு?" அத்தை போனை நீட்டினாள். "வெளிய போனவரு வந்து கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சி. திரும்பிப் பாத்தா. அதோட நின்னுது."

தான்தான் நிறுத்தியது என்று சொல்லக் கலைமதி வாயைத் திறந்தாள். சொல்லாமலே போனை வாங்கிப் புதிய பாஸ்வேர்டைத் தட்டினாள். பதற்றத்தில் ஓர் எழுத்து தப்பியது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். நாளைக்கே இதில் ஒரு சிம் போட்டுக் கொடுத்துவிடலாம். தன் சம்பளத்திலேயே போடலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நெட்டுக்கு வழி இருந்தது. பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் விழுப்புரம். ஏறிப் போய் அந்தக் கதவைத் தட்டி என்ன சொல்வது? வா என்று கையைப் பிடித்து இழுத்து வந்தால் எந்த வீட்டில் உட்கார வைப்பது? இது அவள் அண்ணன் வீடு. திருப்பி அனுப்பியதும் இதே வீடுதான். அருணா அன்று ஆட்டோவில் ஏறும்போது, "வர்றேன் அண்ணி" என்றாள். கலைமதி ஹெட்போனைக் கழற்றாமல் தலையை மட்டும் ஆட்டினாள். அப்போது லைனில் யாரோ இருந்தார்கள்.

அருணாவுக்கு வீடியோ கால் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள். அவள் மூச்சில் பச்சை மல்லாட்டை வாசனை.

"எடுடி" என்றாள் அத்தை. "எடுடி என் கண்ணு."

ஹாலில் கணினி ஒலிக்கத் தொடங்கியது. யாரோ ஒருவர், ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவிலிருந்து. கலைமதி திரும்பவில்லை.

மூன்றாவது முறை அடித்து ஓய்வதற்குள் அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். முகம் வரவில்லை. போனை மல்லாக்க வைத்துவிட்டிருந்தார்கள். திரையில் நீலச் சுண்ணாம்பு அடித்த கூரை, அதன் நடுவில் ஒரு மின்விசிறி. அசையாமல் நின்றது. அதன் இறக்கைகளில் படிந்திருந்த தூசி வரை தெரிந்தது. இத்தனை துல்லியமாக நெட் ஒருநாளும் வந்ததில்லை.

"அருணா" என்று கூப்பிட்டாள் கலைமதி. "அருணா, நான் அண்ணி பேசறேன்."

எங்கோ சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது; போட்டது அருணாவா, அவள் கணவனா என்று தெரியவில்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. இறக்கைகள் ஒன்றோடொன்று கலந்து, வட்டமாகி, திரை முழுவதும் சுழன்றன.

அத்தை போனை இரண்டு கையாலும் வாங்கி, தன் முகம் அந்தப் பக்கம் தெரியும்படி அருகே வைத்துக்கொண்டாள். கணினி இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.