மாஸ்க்கை இறக்குங்கள், முகம் தெரியட்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் கமலாக்ஷி, தான் கொச்சி, மட்டாஞ்சேரியில் படித்த காலத்துத் தமாஷ் என்று இதைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெள்ளுடை அணிந்த அந்தக் கருணைத் தேவதை, நோயாளிகளின்...'

அடித்துவிட்டேன். நர்ஸ் என்று எழுதினாலே பேனா தானாகத் தேவதை என்று எழுதிவிடுகிறது. வெட்கங்கெட்ட பேனா.

2

1957, ஜூன். ஊர் முழுக்க ஃப்ளூ. நம் தேவதையின் பெயர் ஸ்வர்ணலதா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு, இரண்டாம் வருஷம். இருமல் துளியில் நோய் எப்படிப் பரவும் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். பரீட்சையில் எப்போதும் முதலிடம். மாஸ்க்கை மட்டும் மேட்ரனின் காலடிச் சத்தம் கேட்டால்தான் மூக்குக்கு ஏற்றுவாள். மற்ற நேரத்தில் அது தாடைக்குக் கீழே தொட்டில்போலத் தொங்கும். அவள் மட்டுமல்ல, வகுப்பே அப்படித்தான். நோய் என்பது நோயாளிகளுக்கு வருவது என்பதில் அவர்களுக்கு அப்படியொரு நம்பிக்கை.

(இங்கே அவளுக்கு ஓர் ஏழைத் தகப்பனைக் கொடுத்து உங்கள் இரக்கத்தை வாங்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அப்பாவுக்கு ஆலுவாவில் ஜவுளிக்கடை. நல்ல வியாபாரம்.)

3

பக்கத்துக் கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிட்டங்கி, அதாவது கிடங்கு. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு மாணவிகள் போய் ஃப்ளூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்றாகப் பேசுகிறவளுக்கு மெடல். எறணாகுளத்திலிருந்து அதிகாரி வருகிறார், போட்டோ பிடிக்கிறவரும் வருகிறார்.

அன்று காலையில் ஸ்வர்ணலதாவின் கையைத் தொட்ட கமலாக்ஷி பதறினாள்.

"எடீ, உனக்குப் பனியல்லே!"*

"மிண்டாதே, வாயை மூடு. ஆஸ்பிரின் போட்டாச்சு."

"மேட்ரன்கிட்ட சொல்லவேண்டாமா?"

"சொன்னா என்னைத் தனி வார்டுல போட்டுடுவா. மெடல் உனக்குக் கிட்டும். அதுக்குத்தானே?"

கமலாக்ஷி அவள் கையை விட்டுவிட்டாள்.

(* கொச்சியில் பனி என்றால் காய்ச்சல். குளிரைத் தேடி யாரும் ஏமாற வேண்டாம்.)

4

ஸ்வர்ணலதா பிரமாதமாகப் பேசினாள். காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள், குழந்தைகள் பக்கம் போகாதீர்கள் என்றாள். கைதட்டினார்கள். போட்டோ பிடிக்கிறவர் மாஸ்க்கை இறக்கச் சொன்னார், முகம் தெரிய வேண்டுமாம். கையில் ஒரு குழந்தை இருந்தால் இன்னும் நன்றாயிருக்குமாம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பேச்சி, தன் பெண்குழந்தையை நீட்டினாள். நீட்டியவள் தயங்கினாள்.

"என்னம்மா, கை இப்படிக் கொதிக்கு?"

"வெயில்ல நடந்து வந்தேன்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேச்சி மழையைப் பார்த்தாள், வெள்ளைச் சீருடையைப் பார்த்தாள். சீருடையை நம்பினாள். ஸ்வர்ணலதா குழந்தையைக் கன்னத்தோடு அணைத்துச் சிரித்தாள். வந்த இருமலை அடக்கப் பார்த்து, முடியாமல், அதன் முகத்திலேயே இருமினாள்.

5

அவளுக்குச் சீக்கிரமே குணமாகிவிட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று பேச்சி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வார்டுக்குள் ஓடிவந்தாள். அதற்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"நல்லவேளை, நீங்க இருக்கீங்க தாயி."

அடுத்தடுத்த கட்டில்களில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த வாரம் அது. ஸ்வர்ணலதா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. துணியை நனைத்து நனைத்துப் போட்டாள், சொட்டுச் சொட்டாக நீர் புகட்டினாள். எங்கிருந்து தொற்றியது என்று டாக்டர் கேட்டபோது மட்டும், "கிட்டங்கியில சுத்தமே கிடையாது டாக்டர்" என்றாள்.

குழந்தை சாகிற மாதிரி ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவள் கதறி, ஒப்புக்கொண்டு, திருந்தி... கிழித்துப்போட்டேன். இவளைத் திருத்துவதற்கு ஒரு குழந்தையைக் கொல்வதா? குழந்தை பிழைத்தது, நடந்தது அதுதான். பிழைத்ததால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மெடலும் அவளுக்கே.

6

வீட்டுக்குப் புறப்படும்போது பேச்சி கும்பிட்டாள்.

"பிள்ளைக்கு இன்னும் பேரு வைக்கல. ஒங்க பேருதான் வைக்கப்போறேன். பேரு என்னம்மா?"

ஸ்வர்ணலதா வாயைத் திறந்தாள்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. உண்மையைச் சொன்னாள் என்று நீங்கள் எழுதலாம். கூச்சமில்லாமல் பெயரைச் சொன்னாள் என்று எழுதலாம். கமலாக்ஷியின் பெயரைச் சொல்லித் தப்பித்தாள் என்றும் எழுதலாம். உங்கள் பாடு. அவளை அழ மட்டும் வைத்துவிடாதீர்கள். அது அவளுக்கு நன்றாக வரும்.