வெள்ளிக்கிழமை ரெண்டு நிமிஷம்

எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இந்த நீலமேகத்தைப் பற்றி அதைத்தான் முதலில் சொல்வார்கள். அன்று காலை அது என் மாமனார்மேல் பாய்ந்தது.

மாமா பெயர் சுப்புராயன். ஐம்பது வருஷம் கடலில் கிடந்தவர். ஒரு கண் போய்விட்டது. மற்றதும் மழைக்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. நம் கடலில் சூரியன் ஏறித்தான் பார்த்திருக்கிறோம், அது கடலுக்குள் இறங்குவதை ஒருதரம் பார்க்க வேண்டும் என்பார். அதற்காகத்தான் பழைய வேன் ஒன்றை வாங்கி, மீன்பிடித் தடைக்காலத்தில் உட்கார்ந்து, படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக்கினேன். ஆலப்புழைக் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம்.

கிளம்புகிற நேரத்தில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்றது. மறுபடி 'டக்'. அவ்வளவுதான். முந்தின நாள் மாமா வேனுக்குள் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி பவானி என்னை முறைத்துவிட்டு, ராயபுரத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அஜீசுன்னிசா அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

அக்கா வந்து பேட்டரியில் மீட்டரை வைத்தார். பதினொரு வோல்ட் காட்டியது. பன்னிரண்டரைக்கு மேல் இருக்க வேண்டுமாம். வண்டியை எப்போதெல்லாம் எடுத்தாய் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்: ஐந்து வாரமாக வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, விளக்கெல்லாம் போட்டு, ஸ்டார்ட் பண்ணி ஹாரன் அடித்து, ரெண்டு நிமிஷத்தில் அணைத்துவிடுவேன். படகுக்கும் அப்படித்தானே செய்கிறோம்.

"படகு கடலுக்குப் போனா பத்து நாளு எஞ்சின் ஓடிகினே கீது நைனா, எடுத்தத திருப்பிக் குடுத்துடுது. இது நின்ன எடத்துலயே நிக்குது. ஒரு கொடம் மொண்டுகினு ஒரு சொம்பு ஊத்துனா தொட்டி இன்னாத்துக்கு ஆவும்? பேட்டரிய காலி பண்ணது பெரியவரு வெளக்கு இல்ல, உன் பூஜைதான்."

போதாததற்கு, வண்டி சும்மா நிற்கும்போதும் கடிகாரமும் பாட்டுப்பெட்டியும் உறிஞ்சிக்கொண்டே இருக்குமாம்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், ஆனால் மலைப்பாதையில் அணைந்தால் யார் தள்ளுவது என்றார் அக்கா. தடைக்காலத்தில் புதுசு வாங்க வழியும் இல்லை. மூடிகளைத் திறந்து பேட்டரித் தண்ணீர் ஊற்றி, சார்ஜரை மாட்டினார். மெல்ல ஏற்ற வேண்டும், பிடித்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் பழைய ஈய விலைக்குத்தான் போகும் என்றார். பயத்தில் என் கை தானாகச் சூடத்தை எடுத்தது.

"சார்ஜ் ஏர்றப்போ கேஸ் வரும். நெருப்பு காட்டுன, வூடே போவும்."

சூடத்தைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றேன். அப்போதுதான் கேட்டது. பெட்டிக்குள் குமிழி வெடிக்கிற சின்னச் சத்தம், சோறு கொதிக்க ஆரம்பிக்கிற மாதிரி. இருபது வருஷம் எஞ்சினோடு வாழ்ந்தவன், ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. கொஞ்சம் ஈயம், கொஞ்சம் அமிலம்; அதற்குள் செத்தது உயிர் பிடிக்கிறது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் காதைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலை ஒரே திருப்பில் கிளம்பியது. இரண்டு நாள் ஓட்டி, ஆலப்புழை மணலில் மாமாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். சூரியன் சிவந்து, பெருத்து, தண்ணீரைத் தொட்டது. பவானியும் பக்கத்தில் வந்து நின்றாள். பாதி முங்கியபோது மாமா என் கையை இறுக்கினார்.

"காலைல ஏர்றதுக்கு நம்ம ஊருக்குத்தான் மாப்ள போவுது," என்றார்.

இருட்டியதும் வேனுக்குள் ஏறினோம். மாமா தடவித் தடவி விளக்கு சுவிட்சைத் தொட்டார். தொட்டவர் சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போடு மாமா," என்றேன். "ரெண்டு நாளா ஓடி வந்துகீது. பேட்டரி ரொம்பி கெடக்குது."

அவர் கை மடியிலேயே இருந்தது. எல்லா விளக்கையும் நானே போட்டேன்.