ஊசியிலைக் கவளம்

குகதாசன் மலைக் குடிசைக்கு வந்தது வேட்டையாட அல்ல, காவலுக்கு. கல்யாணமாகாத இருபத்தெட்டு வயதுப் பெண் நாலு ஆண்களோடு ஒரு கிழமை ஒரே கூரையின் கீழ் இருக்கப் போகிறாள் என்றால், பெற்ற தகப்பன் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க முடியாது.

"நாலு பேரிலை மூண்டு பேருக்கு உங்களைவிட வயசு கூட அப்பா," என்று லக்சனா சொல்லிப் பார்த்தாள்.

"நாலாமவர்?"

"அவர் பாதிரியார்."

"அப்ப கட்டாயம் வாறன்."

அவள் மாநில வனத் திணைக்களத்தில் வேலை செய்பவள். இரண்டு வருடம் படித்து, மலைச்சரிவுகளைத் துப்புரவு செய்து, பரீட்சை எழுதி, வேட்டை அனுமதி எடுத்திருந்தாள். செப்டம்பர்தான் வேட்டைக் காலம்; அனுமதியோடு இது அவளுக்கு முதல் செப்டம்பர். ஓர்லிகோனில் இருக்கும் தங்கை யோகாம்பாளிடம் குகதாசன், "பிள்ளை மலையிலை ஒரு பயிற்சிக்குப் போறாள்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். துவக்கைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை.

எங்கடின் மலைப் பள்ளத்தாக்குக்கு அவர் வந்து முப்பத்தைந்து வருடம். ஒரு ஹோட்டலின் சமையலறையில் கோப்பை கழுவ நுழைந்தவர், இந்த வருடம்தான் இரண்டாவது சமையற்காரராக ஓய்வு பெற்றார். இத்தனை காலத்தில் அவருடைய பெயருக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு குற்றக் கடதாசி வந்ததில்லை. கார் நிறுத்திய தண்டம்கூட இல்லை. அதை அவர் வாயால் சொல்வதில்லை. நிமிர்ந்த முதுகைப் பார்த்தே ஊர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவர்.

குடிசையில் பெரியவர் டூரி. எழுபது வயது, முன்னாள் தபால் பேருந்துச் சாரதி, லக்சனாவுக்கு வேட்டை பழக்கியவர். முதல் நாளே அவர் குகதாசனுக்குக் கை நீட்டி, "இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே யாரும் 'ஹெர்' கிடையாது, ஐயா பட்டமெல்லாம் கீழேதான். நான் டூரி, நீ?" என்று கேட்டார்.

"நான் ஹெர் குகதாசன்," என்றார் இவர். டூரி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று பின்னேரம் குடிசைச் சுவரில் ஒரு மான் தொங்கியது. மானைக் குகதாசனுக்கு நன்றாகத் தெரியும், துண்டு துண்டாக. தொடை எவ்வளவு நேரம் வேக வேண்டும், முதுகுத் துண்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருடைய கைக்கு மனப்பாடம். முகத்தோடு முழுதாக ஒன்றை இவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தார். மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று, "நல்ல பெரிய காது. இரத்தம் இன்னும் சொட்டுது," என்று தன்னுடைய சமையலறை ஜெர்மனில் சொன்னார்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் மேசையைத் தட்டினார்கள்.

வேட்டைக்காரர் பேச்சில் மானுக்கு இரத்தம் கிடையாது, 'வியர்வை'தான். காதுக்குப் பெயர் 'கேட்பவை'. கண்ணுக்கு 'விளக்குகள்'. தோல் 'போர்வை'. புதிதாக வந்தவர் வேறு சொல் சொன்னால் அன்றைய சட்டி பானையெல்லாம் கழுவுவது அவர் தலையில். இரண்டு பிழைக்கு இரண்டு வேளை.

"இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?" என்று அவர் மகளிடம் தமிழில் கேட்டார்.

"நானும் போன வருசம் பழக வந்தநேரம் பதினொரு தரம் கழுவினனான் அப்பா. பாதிரியார் இண்டைக்கும் கழுவுறவர்."

டூரி விளக்கினார். "கடையில் கிடக்கும் இறைச்சிக்கு ஒரு பேச்சு இருக்கிறது, ஹெர் குகதாசன். மலையில் உயிரோடு நின்றதற்கு அதே பேச்சைப் பேச எங்களுக்கு வாய் வராது. எல்லாச் சொல்லிலும் பெரிய சொல் ஒன்று உண்டு. துவக்கைத் தூக்குமுன் மிருகத்தோடு 'பேச' வேண்டும். நீ ஆணா பெண்ணா, எத்தனை வயது, மடியில் பால் இருக்கிறதா என்று கண்ணால் கேட்க வேண்டும். பால் கொடுக்கும் மானைத் தொடவே கூடாது. பதில் தெளிவாக வராவிட்டால் துவக்கைக் கீழே வைக்க வேண்டும்."

குகதாசன் கேட்டுக்கொண்டார். ஆனால் கைகள் சவர்க்காரத் தண்ணீருக்குள் இருந்தன. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னர் எந்தத் தொட்டியில் தொடங்கினாரோ அதே மாதிரித் தொட்டி. பின்னால் நாலு பேர் சிரிக்கிறார்கள், மகளும் சிரிக்கிறாள். இனி இந்த மலையில் வாய் திறப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தார்.

மறுநாள் விடியும்போது மூன்று பேரும் மேல் சரிவில் இருந்தார்கள். லக்சனா முப்பது அடி முன்னால் ஒரு பாறையோடு படுத்திருந்தாள். டூரியும் குகதாசனும் பின்னால், ஒரு விழுந்த மரத்தின் மறைவில். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. முதலில் எதிர்ச் சிகரத்தின் உச்சியில் மட்டும் வெளிச்சம் ஒட்டிக்கொண்டது. பிறகு அது ஒரு விரல், இரண்டு விரல் என்று கீழே இறங்கியது. எங்கிருந்தோ ஓர் ஆண் மான் கத்தியது. அந்தச் சத்தம் காதால் வரவில்லை, நெஞ்செலும்பால் உள்ளே வந்தது. குகதாசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹோட்டல் யன்னலால் முப்பத்தைந்து வருடம் இந்த மலையைப் பார்த்தவர், அது உயிரோடு இருப்பதை அன்றுதான் கண்டார்.

பெண் மான் ஒன்று மரங்களிலிருந்து வெளியே வந்து நின்றது. தனியாக. வெளிச்சம் அதன் முதுகைத் தொட்டதும் உடம்பிலிருந்து ஆவி எழுந்தது. லக்சனா நெடுநேரம் பார்த்தாள், பேசினாள். டூரியும் தூரக்கண்ணாடியால் பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்டினார்.

அப்போதுதான் குகதாசன் தன் தூரக்கண்ணாடியை இடப்பக்கம் திருப்பினார். ஒரு வெள்ளைக் கல்லுக்கு இடப்பக்கம், பற்றைக்குள், உள்ளங்கையளவு காது ஒன்று அசைந்தது. பிறகு ஒரு சின்ன மூக்கு.

பக்கத்தில் டூரி இருந்தார். தோளைத் தொட்டு ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் என்ன சொல்? குட்டிக்கு இவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ. 'காது கண்டேன்' என்றால் மறுபடியும் தொட்டி. ஒருவேளை அது முயலாக இருந்தால், மகளின் முதல் வேட்டையைக் கெடுத்த கிழவன் என்று குடிசையெல்லாம் சிரிப்பு. அவருடைய வாய் திறந்தது, மூடியது. ஐந்து நொடி இருக்கும்.

வெடி கேட்டது.

மான் இரண்டு எட்டு வைத்து, முன்னங்காலை மடித்து, படுக்கப் போவது போலச் சாய்ந்தது. டூரி தொப்பியைக் கழற்றினார். ஒருவரும் அசையவில்லை. மானின் உயிர் அமைதியாகப் பிரிய நேரம் கொடுக்க வேண்டுமாம். கால் மணித்தியாலம் அப்படியே இருந்தார்கள். குகதாசன் பற்றையை மறுபடி பார்த்தார். வெறும் இலை.

கிட்டப் போனபோது லக்சனா முழங்காலில் இருந்தபடி கையை மானின் வயிற்றுக்குக் கீழே கொடுத்தாள். கையை வெளியே எடுத்தாள். விரலில் பால். அவளுடைய முகத்திலிருந்து நிறம் போனது.

அவள் அழவில்லை. எழுந்துபோய் ஆர்வன் என்ற ஊசியிலை மரத்தில் ஒரு சின்னக் கொப்பை முறித்து வந்தாள். மானின் வாயை மெல்லத் திறந்து, அந்தப் பச்சை ஊசியிலைகளைப் பற்களுக்கிடையே வைத்தாள். தலையைக் குனிந்து நின்றாள்.

"என்ன அது?" குகதாசனுக்குத் தன் குரலே தூரத்தில் கேட்டது.

"கடைசிக் கவளம் எண்டு சொல்லுவினம் அப்பா. போற வழிக்கு."

தகப்பனுக்கும் தாய்க்கும் தன் கையால் வாய்க்கரிசி போட்டவர் அவர். உரித்துள்ளவர் மட்டும் போடுவது அது. இந்தக் குளிர் நாட்டில், இந்த உயரத்தில், யாருமே சொல்லிக்கொடுக்காமல் அதே காரியத்தை ஒரு மிருகத்துக்குச் செய்கிறார்கள். மேசையைத் தட்டிச் சிரித்தவர்களின் அந்த விளையாட்டுச் சொற்களெல்லாம் எதற்காக என்று அவருக்கு அப்போது விளங்கியது.

லக்சனா கைபேசியை எடுத்தாள்.

"ஆருக்குப் பிள்ளை அடிக்கிறாய்?"

"காவலருக்கு. பிழையான மிருகம் விழுந்தால் நாங்களே அறிவிக்க வேணும்."

"பொறு, பொறு. உன்ரை பேரிலை முறைப்பாடு எழுதப் போகினம். இந்தக் காட்டுக்குள்ளை ஆர் கண்டது?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கண்டனான் அப்பா."

கோபத்தோடு சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். குகதாசனுக்கு அது கன்னத்தில் அறை விழுந்தது போல இருந்தது.

வனவிலங்குக் காவலர் ஒரு மணித்தியாலத்தில் ஏறி வந்தார். நாற்பது வயதுப் பெண், அதிகம் பேசாதவர். மானைப் பார்த்தார், தாளை எடுத்து எழுதினார். லக்சனா நடந்ததை ஒன்றும் குறைக்காமல் சொன்னாள். டூரி, "நானும் தலையாட்டினேன், அதையும் எழுதுங்கள்," என்றார்.

"குட்டியை யாராவது கண்டீர்களா?" என்று காவலர் கேட்டார்.

"இல்லை," என்றாள் லக்சனா.

"இல்லை," என்றார் டூரி.

"அப்படியானால் கஷ்டம். தாயில்லாமல் இந்தக் குளிரில் அது நாட்கணக்கில் மெலிந்து கிடந்து சாகும். நின்ற இடம் தெரிந்தால் அங்கேதான் திரும்பி வரும், ஒரே வெடியில் அதன் வேதனையை முடிக்கலாம். தெரியாமல் இவ்வளவு பெரிய சரிவில் எங்கே தேடுவது?"

காவலர் பேனையை மூடினார். அவ்வளவுதான் என்பது போல இருந்தது. மலை முழுவதும் காத்திருப்பது போலக் குகதாசனுக்குப் பட்டது. சொல்லாவிட்டால் யாருக்கும் ஒருநாளும் தெரியாது. சொன்னால், மகளைத் தடுக்கக் கூடியவன் தடுக்காமல் இருந்தான் என்று அவருடைய பெயர் இந்தப் பள்ளத்தாக்கில் நிற்கும்.

அவர் முதுகை நிமிர்த்தினார்.

"நான் கண்டேன்," என்றார் ஜெர்மனில். "வெள்ளைக் கல்லுக்கு இடப்பக்கம். சுடுவதற்கு முன்."

டூரி மெதுவாகத் திரும்பினார். லக்சனா தமிழில் கேட்டாள். "முன்னமோ? ஏனப்பா சொல்லேல்லை?"

"சொல்லுத் தெரியேல்லை பிள்ளை. குட்டிக்கு இவையள் என்ன சொல்லுறவை எண்டு தெரியேல்லை. இன்னொருக்கா கோப்பை கழுவ மனம் வரேல்லை."

லக்சனா வெள்ளைக் கல் இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள், "கல்ப் எண்டுதான் அப்பா சொல்லுறது. வெறும் கல்ப்."

கல்ப். சமையலறையில் கன்றிறைச்சிக்கு அதே சொல். ஒரு நாளைக்கு நாற்பது தரம், முப்பத்தைந்து வருடமாக அவர் கூப்பிட்ட சொல்.

அவர் காவலரிடம் போனார். "என் பெயரையும் எழுதுங்கள்."

"அதற்கு இடமில்லை. சுட்டவருடைய பெயர் மட்டும்தான்."

"எழுதுங்கள்."

காவலர் தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் ஆட்களின் வழக்கப்படி, இந்த நாட்டுக் கடதாசிகளில் பிள்ளைக்குக் குடும்பப் பெயராக நிற்பது தகப்பனின் பெயர். முதல் வரியில், பெரிய எழுத்தில், குகதாசன் என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் லக்சனா. முப்பத்தைந்து வருடம் காத்த பெயர். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். தலை குனியவில்லை.

"சரி," என்றார். "வாருங்கள், இடத்தைக் காட்டுகிறேன்."

முன்னால் அவர் ஏறினார். மற்ற மூவரும் பின்னால். கல்லுக்கு எதிரே புல்லில் படுத்துக் காத்திருந்தார்கள். வெயில் பனியைக் கரைத்து, ஒவ்வொரு புல்லும் துளி துளியாக மினுங்கியது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னர் குட்டி வந்தது. வெள்ளைக் கல்லுக்கு இடப்பக்கம், சொன்ன இடத்திலேயே. தலையைத் தூக்கி, தாய் நின்ற திசையைப் பார்த்தது. அதன் கண்களைக் கண்ணாடியில் பார்த்தபோது, அதற்கு ஏன் விளக்குகள் என்று பெயர் வைத்தார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் காவலரின் தோளைத் தொட்டார். "கல்ப்," என்று கிசுகிசுத்தார்.

ஒரே வெடி. குட்டிக்குத் தெரிந்தே இராது.

காவலர் கொப்பு முறித்துக்கொண்டு வந்தார். குட்டியின் அருகில் குனிந்தவருக்கு முன்னால் குகதாசனின் கை நீண்டது.

"சுட்டவர்தான் வைப்பது வழக்கம்," என்றார் காவலர்.

"எங்கள் ஆட்களில் உரித்துள்ளவர் வைப்பார்."

காவலர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொப்பைக் கொடுத்தார். குகதாசன் ஈரப் புல்லில் முழங்கால் போட்டார். உதடு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. எத்தனையோ மானை அறுத்த கை அது. ஊசியிலையை வாய்க்குள் வைத்து, உதட்டை மூடி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். லக்சனா பக்கத்தில் வந்து முழங்காலில் இருந்தாள். டூரி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கீழே இறங்கும்போது ஓர்லிகோனிலிருந்து யோகாம்பாள் தொலைபேசி எடுத்தாள். பிள்ளையின் பயிற்சி எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

"பயிற்சி இல்லை தங்கச்சி. லக்சனா வேட்டைக்கு வந்தவள். ஒரு பிழை நடந்துபோச்சு. அவள் தன்ரை வாயாலை சொல்லிப்போட்டாள். நானும் சொல்லிப்போட்டன். என்ரை பேரிலை கடதாசி வரும்."

மறுபக்கத்தில் யோகாம்பாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பை நிறுத்தினார். கைபேசியைச் சட்டைப் பையில் வைத்தார்.

குடிசை வாசலில் டூரி நின்று அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். குகதாசன் அவருக்குக் கை நீட்டினார்.

"குகன்," என்றார்.

பிறகு உள்ளே போய், சட்டைக் கைகளை மடித்துவிட்டு, தொட்டியில் தண்ணீரைத் திறந்தார்.