அடி தட்டாத நங்கூரம்

லா பல்லாவாவின் கப்பல் மக்காசார் துறைக்கு வந்து நங்கூரம் போட்டபோது அதன் அடியில் கடலுக்குத் தரை இல்லை. இடப்பக்கம் ஒல்லாந்தர் படகொன்று நாலு ஆள் ஆழத்தில் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தது. வலப்பக்கம் சிப்பி எடுக்கிறவர்கள் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தார்கள். நடுவில் இவன் கப்பலின் கயிறு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இருந்த கயிறெல்லாம் தீர்ந்து, பாய்மரக் கயிற்றை அவிழ்த்து அதோடு முடிச்சுப் போட்டு இறக்கினார்கள், அதுவும் போதவில்லை. கரையோரமாகத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பக்கத்தில் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கப்பலுக்கடியில் மூங்கிலை விட்டால் மூங்கில் போய்விடும், திரும்பி வராது. மீன் சந்தை கலைவதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அன்று கருவாடு விலை ஏறியிருந்ததால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கயிற்றை வெட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நாங்கள் வாஜோக்காரர்கள். அந்த ஊரைப் போரில் இழந்து இந்தக் கரைக்கு வந்தவர்கள். கையோடு கொண்டுவந்தது எங்கள் கப்பல் முறை ஒன்றைத்தான், அதை விட்டால் எங்களிடம் வேறென்ன இருக்கிறது? நங்கூரம் தரையைத் தொட்டால்தான் பயணம் முடிந்தது. முடிந்தால்தான் சரக்குக்காரன் கூலி தர வேண்டும். கூலி வந்தால்தான் கப்பல்காரன் சரக்கை இறக்க வேண்டும். அதற்கு முன்னால் கப்பல்காரன் கப்பலை விட்டு இறங்கினால் அதைக் கைவிட்டான் என்று பொருள். அப்போது அதில் யார் முதலில் ஏறி நிற்கிறானோ அவனுக்கு அது சொந்தம். இதையெல்லாம் எங்கள் பெரியவர்கள் யோசித்துத்தான் வைத்தார்கள். கடலுக்குத் தரை இல்லாமல் போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கப்பல் நிறைய இருந்தது லா தொப்போ என்கிற வியாபாரியின் துணி. கெடா துறையில் வாங்கிய சோழமண்டலச் சரக்கு. மறுநாளே படகில் வந்து நின்றான்.

“என் துணிய இறக்குய்யா.”

“கூலியக் குடு, இறக்குறேன்.”

“வந்தே சேரல, எதுக்கு கூலி?”

“வந்தே சேரலன்னா, எதுக்கு இறக்கச் சொல்ற?”

பெரியவர்கள் பள்ளிவாசல் முற்றத்தில் கூடினார்கள். ஒரு எருமையை அறுத்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேர் சொல்வதும் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதைப் போல அலுப்பான விஷயம் உலகத்தில் கிடையாது. ஒல்லாந்தரின் சுங்கக்காரன் வந்து, சேராத கப்பலுக்கு வரி போட வழியில்லை என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனான். லா தொப்போ மட்டும் போகவில்லை. கப்பலின் பின்பக்கம் ஒரு படகைக் கட்டி அதில் ஆள் வைத்தான். லா பல்லாவா எப்போது இறங்குவான், நாம் எப்போது ஏறலாம் என்று அந்த ஆள் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டான்.

அந்தக் கப்பல் லா பல்லாவாவின் மனைவி வெ சப்பேயின் நகையை அழித்துக் கட்டியது. கல்யாணத்துக்குப் போட்ட காப்பு, ஒட்டியாணம், எல்லாம் அந்தப் பலகைகளில்தான் இருந்தன. அவள் தினமும் தறியை நிறுத்திவிட்டுச் சிறு தோணியில் சோறு கொண்டுவருவாள். ஏற மாட்டாள். நடுப்பயணத்தில் ஏறுகிறவர்கள் பயணிகள், பயணம் முடியும்வரை இருக்க வேண்டும். இரண்டு பேரும் மேலே இருந்துவிட்டால் சோறு யார் கொண்டுவருவது? மூங்கில் நுனியில் கூடையை மாட்டி நீட்டுவாள். புருஷனை மரியாதையாக டாயெங் என்றுதான் கூப்பிடுவாள்.

“எறங்கி வாங்க டாயெங். கப்பல் போனாப் போவுது.”

“அதுல ஒன் நகை இருக்கு, சப்பே.”

“நகையா வந்து எனக்குக் கால் அமுக்கிவிடப் போவுது?”

“தொப்போ ஆளு கீழ ஒக்காந்திருக்கான். நான் ஒரு காலத் தூக்குனா அவன் ரெண்டு காலையும் வெச்சிடுவான்.”

படகில் இருந்த ஆள் இதற்குத் தலையாட்டுவான். அவனுக்கும் அவள் ஒரு பிடி சோறு வைப்பாள்.

இப்படியே போயிற்று. மாலுமிகள் தங்கள் பங்கை விட்டுவிட்டு, வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். பருவக்காற்று மாறியது, திரும்ப மாறியது. ஒல்லாந்தர் தலைவர்கள் வந்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள், புதியவர்கள் வந்தார்கள். துணி ஈரத்தில் நைந்து, எலி கடித்து, கடைசியில் சகதியாகிவிட்டது. படகில் உட்கார்ந்திருந்த ஆள் இறந்துபோக, லா தொப்போவே அந்த இடத்துக்கு வந்து பாயை விரித்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. ஒருநாள் கீழிருந்தபடியே, “துணி எனக்கு வேணாம்யா, நீயே வெச்சுக்க,” என்றான். “அப்ப எனக்கும் கூலி வேணாம்,” என்றான் லா பல்லாவா. வழக்கு அத்தோடு முடிந்தது. இனி நங்கூரம் தொட்டுவிடும் என்று கரையில் கூட்டம் கூடியது. தொடவில்லை.

“படகையாவது எடுத்துட்டுப் போயேன்யா,” என்றான் லா பல்லாவா.

“துணிதான வேணாம்னேன். கப்பல வேணாம்னா சொன்னேன்?”

லா பல்லாவா அன்று தளத்தில் உட்கார்ந்து அழுதான். ஊர் பார்க்க அழுதான். யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள்.

அடுத்த நாள் வெ சப்பே சோற்றுக்கூடையோடு ஒரு மூட்டையையும் இரண்டு கோழிகளையும் கொண்டுவந்தாள். தறியை அக்காள் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். இனிமேல் சோறும் அந்தப் பெண்தான் கொண்டுவருவாளாம். ஏணியைப் போடச் சொல்லி, மூச்சு வாங்க ஏறினாள். ஏறுகிற யாராக இருந்தாலும் எங்கே போக வேண்டும் என்று கேட்டுக் கூலி சொல்வது கப்பல்காரன் கடமை. லா பல்லாவா எழுந்து நின்று கேட்டான்.

“எங்க போகணும்?”

“எங்கயும் இல்ல. இங்கதான்.”

கெடாவுக்கு என்ன கூலி, ஜொகோருக்கு என்ன, தீமோருக்கு என்ன என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். இங்கே என்பதற்கு எங்கள் முறையில் கூலி எதுவும் சொல்லப்படவில்லை.

“இதுக்குக் கூலி கெடையாதே, சப்பே.”

“நான் ஓசியில வரல. நீங்க ஒரு தொகையச் சொல்லுங்க, நங்கூரம் தொட்டதும் தரேன்.”

கீழே லா தொப்போ பாயை விட்டு எழுந்தான். பிறகு மேலே பார்த்துச் சொன்னான். “நீ இனிமே எறங்கலாம்யா. ஒன் பெஞ்சாதி ஏறி நிக்குறா. முறைப்படி கப்பல் அவளுக்குத்தான் போவும்.” இத்தனை வருஷத்தில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சொல்லிவிட்டு அவனே தலையில் கை வைத்துக்கொண்டான்.

லா பல்லாவா கரையைப் பார்த்தான். மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தான்.

“எறங்கி?” என்றான்.

லா தொப்போ பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். துறைக்கு வருகிற கப்பல்கள் இப்போதெல்லாம் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போடுகின்றன. அங்கே தரை நன்றாகவே இருக்கிறது.